தோற்றவர்களும் வாக்களிக்கும் விருது

2010 பெப்ரவரியில் இத்தாலியின் சிறந்த பயிற்றுவிப்பாளருக்கான விருதைப் பெற்ற மஸ்ஸிமிலியானோ அல்லேக்ரி, அதற்குரிய 2008–09 பருவத்தில் எந்தக் கிண்ணத்தையும் வென்றிருக்கவில்லை. சார்டினியாத் தீவைச் சேர்ந்த கல்யாரி என்ற சிறிய கழகத்துக்கு அவர் பொறுப்பாக இருந்தார். அந்தப் பருவத்தின் முதல் 5 போட்டிகளிலும் அந்த அணி தோற்றது. அந்த நிலையில் பெரும்பாலான கழகங்கள் பயிற்றுவிப்பாளரை மாற்றியிருக்கும். கல்யாரி பொறுத்துக்கொண்டது. பருவம் முடிந்தபோது 20 அணிகளில் 9ஆவது இடம். அந்த ஆண்டு சம்பியனானது ஜோசே மொரின்யோவின் இன்டர் மிலான். விருது அல்லேக்ரிக்குப் போனது.

அதற்குப் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். விருது வாங்கி இரண்டு மாதங்களில், ஏப்ரலில், கல்யாரி அவரை நீக்கியது. அதே கோடையில் ஏசி மிலான் அவரை அழைத்தது. 2011இல் மிலான் சம்பியன். சக பயிற்றுவிப்பாளர்கள் முன்கூட்டியே கண்டுகொண்ட ஒன்றை நிர்வாகமும் புள்ளிப்பட்டியலும் காணவில்லை.

இந்த விருதின் பெயர் ‘பன்கீனா தோரோ’, அதாவது தங்க பெஞ்ச். 1990களின் தொடக்கத்திலிருந்து இத்தாலிய கால்பந்தாட்டச் சம்மேளனத்தின் தொழில்நுட்பப் பிரிவு இதை வழங்கிவருகிறது. வாக்களிப்பவர்கள் பயிற்றுவிப்பாளர்கள். ரசிகர்களுக்கோ பத்திரிகையாளர்களுக்கோ இதில் இடமில்லை. இரண்டாம் பிரிவான ‘சீரி பி’யில் சிறந்தவருக்கு வெள்ளி பெஞ்ச் உண்டு. விழா நடப்பது புளோரன்ஸ் நகரின் கொவெர்ச்சானோவில், 1958இல் திறக்கப்பட்ட தேசியப் பயிற்சி நிலையத்தில். இத்தாலியில் உயர்தரப் பயிற்றுவிப்பாளர் உரிமம் பெற விரும்பும் எவரும் அங்கே படித்து, ஆய்வேடு எழுதி, தேறியாக வேண்டும். புகழ்பெற்ற பயிற்றுவிப்பாளர் கார்லோ அன்செலோட்டியும் அப்படி எழுதியவர்தான். ஆக, வாக்களிப்பவரும் வெல்பவரும் பெரும்பாலும் ஒரே வகுப்பறைகளில் உட்கார்ந்தவர்கள். எதிரணிப் பெஞ்சில் இருந்தபடி, 90 நிமிடமும் தங்களைத் திணறடித்தவர் யார் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

2015–16க்கான விருதைப் பெற்ற மவுரிசியோ சர்ரி, தொழில்முறை ஆட்டக்காரராக இருந்ததே இல்லை. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டு, ஊர் அமெச்சூர் அணிகளுக்கு மாலையில் பயிற்சி கொடுத்தவர். 40 வயதில் வங்கி வேலையை விட்டார். அவருடைய நாபோலி அந்தப் பருவத்தில் இரண்டாமிடம். 2018–19க்கான விருது மூன்றாமிடம் பெற்ற அட்டலாண்டாவின் ஜான் பியரோ காஸ்பெரினிக்கு. பெர்காமோ நகரின் அந்த அணியை முதன்முறையாகச் சம்பியன்ஸ் லீக்குக்குக் கொண்டுபோனவர் அவர். சம்பியன்களும் வெல்வதுண்டு. 2009–10இல் மொரின்யோ, 2022–23இல் லுச்சியானோ ஸ்பல்லெட்டி.

இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில் ஐரோப்பியப் போட்டிகளுக்கு இளைஞர்கள் விழித்திருக்கும் நேரம் நள்ளிரவு தாண்டியது. இத்தாலியில் இரவு 8.45க்குத் தொடங்கும் ஆட்டம், குளிர்காலத்தில் இங்கே அதிகாலை 1.15. பார்ப்பவர்களுக்கு ஆட்டக்காரர்களின் பெயர்கள் மனப்பாடம். தங்கள் பாடசாலை அணியைப் பழக்கிய ‘கோச்’சுக்கு யாராவது ஒரு விருது கொடுத்ததுண்டா என்று அவர்களைக் கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும்.

பக்கத்து நாட்டு நிலைமையும் இங்கே பயன்படும். இந்தியாவில் ஆட்டக்காரர்களுக்கான அர்ஜுனா விருது 1961இல் வந்தது. பயிற்றுவிப்பாளர்களுக்கான துரோணாச்சாரியா விருது வர மேலும் 24 ஆண்டுகள் ஆயின. 1985இல் அதை முதலில் பெற்றவர்களில் ஓட்ட வீராங்கனை பி.டி.உஷாவின் பயிற்றுவிப்பாளர் ஓ.எம்.நம்பியாரும் ஒருவர். கால்பந்தாட்டத்துக்கு அது கிடைத்தது 1990இல், சையத் நயீமுதீனுக்கு. அடுத்தது 2022இல்தான், பிமல் கோஷுக்கு. டெம்போ அணிக்கு 5 தேசிய லீக் பட்டங்கள் வென்று தந்த கோவாவின் அர்மாண்டோ கொலாசோ 2024ஆம் ஆண்டுப் பட்டியல் வரை காத்திருந்தார். சர்வதேசப் பதக்கத்தை எடைபோடும் அரசாங்கக் குழுவுக்கு, பதக்கம் கொண்டுவராத விளையாட்டின் ஆசான் கண்ணில் படுவது கடினம்.

பதக்கம் கொண்டுவந்தவருக்கே கிடைக்காமல் போன கதையும் உண்டு. ஹைதராபாத் ஆசிரியர் செய்யது அப்துல் ரஹீம் பழக்கிய இந்தியக் கால்பந்தாட்ட அணி 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் நான்காமிடம். 1962 செப்டெம்பர் 4ஆம் திகதி ஜகார்த்தாவில் நடந்த இறுதிப் போட்டியின்போது அவர் புற்றுநோயாளி. அவருடைய வேலை எப்படிப்பட்டது என்பதற்கு அந்த ஒரு போட்டி போதும். தடுப்பாளர் ஜர்னைல் சிங்கின் தலையில் தையல் போட்டிருந்தது. ரஹீம் அவரை ஓய்வுக்கு அனுப்பவில்லை, எதிரணி கோலுக்கு முன்னால் தாக்குதல் வரிசையில் நிறுத்தினார். காய்ச்சலிலிருந்த பீட்டர் தங்கராஜைக் கோல் காப்பாளராக இறக்கினார். மைதானம் நிறைந்த கூட்டம் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. தென் கொரியாவை 2–1 என்று வென்றபோது, ஒரு கோலைப் போட்டவர் அதே ஜர்னைல் சிங். தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராமும் அந்த அணியில் ஆடினார். செகந்திராபாத்தில் அந்தப் பையனைக் கண்டெடுத்தவரும் ரஹீம்தான். அடுத்த ஆண்டு ஜூன் 11ஆம் திகதி ரஹீம் காலமானார். அவருக்குக் கொடுப்பதற்கு, பயிற்றுவிப்பாளர்களுக்கென்று அன்று ஒரு தேசிய விருதே இருக்கவில்லை. இது ஆறாத குறை.

ஒரு பயிற்றுவிப்பாளரின் கைவண்ணத்தைத் தமிழ் மண்ணும் பார்த்திருக்கிறது, அதுவும் ஓர் இத்தாலியரிடம். 2006 உலகக் கிண்ண வீரர் மார்கோ மட்டெராட்சி 2015இல் சென்னையின் எஃப்சியை வழிநடத்தினார். நடுப்பருவத்தில் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியதால் சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போனது. அங்கே கொல்கத்தாவை 3–0 என்று வென்றார்கள். டிசம்பர் 20, கோவாவின் பதோர்டா மைதானத்தில் இறுதிப் போட்டி: 90ஆவது நிமிடம்வரை பின்தங்கியிருந்து, 3–2 என்று கிண்ணத்தை எடுத்தார்கள்.

இலங்கையில் விருதைப் பேசுவதற்கு முன்னால், ஆட்டம் தடையின்றி நடக்க வேண்டும். 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது. தடை நீங்க ஓகஸ்ட் ஆயிற்று. நிர்வாகச் சண்டையில் அதிகம் இழந்தவர்கள் ஆட்டக்காரர்களும் அவர்களைப் பழக்கியவர்களும். இருந்தாலும் ஒரு மாவட்ட மட்டத்தில் தொடங்குவதற்குச் சம்மேளனத்தின் பணமோ கொழும்பின் அனுமதியோ அவசியமில்லை.

மாத்தளை, உக்குவளை, இரத்தோட்டை, எல்கடுவ, தம்புள்ள என்று இருக்கும் பாடசாலைகளின் பயிற்றுவிப்பாளர்கள், வலயப் போட்டிகள் முடிந்த பிறகு ஒரு மாலை ஒன்றுகூடலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு; தன் பெயரைத் தானே எழுதக் கூடாது. பெண்கள் அணிகளுக்குத் தனிப் பெயர், 15 வயதுக்குட்பட்டோருக்குத் தனிப் பெயர். அப்படி வாக்களித்தால், தேயிலைத் தோட்டத்துச் சரிவில் பாதி மைதானமும் இரண்டு பந்துமாக அணி கட்டி, காலிறுதியில் பெரிய கல்லூரியை இறுதி விசில்வரை பயமுறுத்தித் தோற்ற ஒரு மாஸ்டரின் பெயர் வாக்குச்சீட்டில் ஏறும் வாய்ப்பு உண்டு. அந்தப் பெயரை எழுதக்கூடியவர் அன்று எதிர்ப் பக்கத்தில் நின்று வென்ற பயிற்றுவிப்பாளராகவே இருப்பார். அந்த மாஸ்டர் தன் பையன்களை எப்படி நிறுத்தியிருந்தார் என்பதைத் ஆட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.