சிக்கிமுக்கித் துப்பாக்கியும் அதன் சான்றும்

பழம்பொருள் தொகுத்தல் பலருக்கும் உவப்பான தொழில். நாணயம் தொகுப்போரும் அஞ்சல் தலை தொகுப்போரும் எந்நாட்டிலும் உளர். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, தம் அரசு தோன்றிய காலத்துப் படைத் துப்பாக்கிகளைத் தேடித் தொகுப்போரும் பலர். கொலைக் கருவியைப் போற்றி வைப்பதனால் யாது பயன் என்று சிலர் வினவலாம். விடை காணுமுன் அக்கருவியின் இயல்பை அறிதல் நன்று.

அத்துப்பாக்கியில் வீரன் வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் குழலின் வாய்வழியே இட்டுக் கோலால் இடிப்பான். குழலின் அடிப்பாகத்துப் பக்கத்தே ஒரு சிறு துளையும், அதனையொட்டி ஒரு சிறு கிண்ணமும் உண்டு. கிண்ணத்திலும் சிறிது மருந்து இடப்படும். விசையை இழுத்தவுடன் சிக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசும். பொறி கிண்ணத்தில் விழும். அத்தீ துளைவழியே உட்புகுந்து மருந்தைக் கொளுத்தும். மழையில் மருந்து நனையின் இவ்வளவும் வீணே.

1794ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஸ்பிரிங்பீல்டு நகரில் அரசினர் ஒரு படைக்கலச் சாலை நிறுவினர். பின்னர் ஹார்ப்பர்ஸ் பெர்ரி என்னுமிடத்தில் மற்றொன்று எழுந்தது. 1795ஆம் ஆண்டு மாதிரி எனப்படும் துப்பாக்கி, விடுதலைப் போரில் துணைநின்ற பிரெஞ்சுக்காரரின் துப்பாக்கியைப் பின்பற்றிச் செய்யப்பட்டது. 1840ஆம் ஆண்டு மாதிரியே இவ்வரிசையில் இறுதியானது. அதன்பின், தட்டினால் தீப்பற்றும் சரக்கடங்கிய சிறு செப்புக் குமிழ் வழக்கிற்கு வந்தது. பழைய துப்பாக்கிகள் பலவற்றின் கிண்ணத்தை நீக்கி, துளையை அடைத்து, அரசினரே புதுமுறைக்கு மாற்றினர். ஆதலின் மாற்றப்படாதது அரிதாயிற்று. அரிதாகவே விலை உயர்ந்தது. விலை உயர்ந்தவிடத்து வஞ்சகமும் புகுந்தது. மாற்றப்பட்டதனை மீண்டும் பழையதுபோலப் புனைந்து விற்போர் தோன்றினர்.

இப்புனைவைக் கண்டறிவதே தொகுப்போனது கல்வி. பலகாற் சுடப்பட்ட துப்பாக்கியில், துளையைச் சுற்றியுள்ள இரும்பு தீயினால் அரிக்கப்பட்டிருக்கும். கிண்ணம் மட்டும் வழவழப்பாயிருக்க, அதனை அடுத்த தகடு குழிவிழுந்திருப்பின் ஐயுறல் வேண்டும். தகட்டிற் பொறித்த ஆண்டும், கழுகு முத்திரையும், கட்டையில் ஆய்வாளர் இட்ட எழுத்துக்களும் தம்முள் ஒத்திருத்தல் வேண்டும். 1816ஆம் ஆண்டு மாதிரியின் குழல் 42 அங்குல நீளமுடையது. பெரிதும் குறைந்திருப்பின் யாரோ அறுத்தனர் என்க. துருப் போக்குவதாக எண்ணித் தேய்த்து மெருகிடுவோன் இச்சான்றுகளையே அழித்துவிடுகிறான். பழைய ஏட்டில் இடைச்செருகலை ஆராயும் புலவனது விழிப்பு இவனுக்கும் வேண்டும். அன்றியும், பழந்துப்பாக்கியுள் மருந்து தங்கியிருத்தலும் உண்டு; குழலுள் கோலிட்டு ஆழத்தை அளந்து பார்த்தல் முதற்கடமையாம்.

இவ்விழிப்பினால் வரலாறு பெற்ற பயன் ஒன்று கூறுவோம். ஈலி விட்னி என்பார் 10,000 துப்பாக்கிகள் செய்து தருவதாக 1798இல் அரசினரோடு ஒப்பந்தம் செய்து, 1809இல் முடித்தார். ஒன்றன் உறுப்பு மற்றொன்றிற் பொருந்துமாறு முதன்முதற் செய்தவர் அவரே என்று நூல்கள் நெடுங்காலம் புகழ்ந்தன. எஞ்சியிருந்த அவர் துப்பாக்கிகளை இருபதாம் நூற்றாண்டு அறிஞர் கழற்றி ஆராய்ந்தபொழுது, உறுப்புக்கள் அவ்வாறு மாறிப் பொருந்தவில்லை. கையரத்தால் அராவிய சுவடுகளும் காணப்பட்டன. ஹார்ப்பர்ஸ் பெர்ரியில் ஜான் ஹால் என்பார் செய்த துப்பாக்கிகளே அச்சிறப்பிற்கு உரியனவாயின. 1826இல் ஆய்வுக் குழுவினர் அவற்றைச் சோதித்து வியந்தனர். விட்னியின் துப்பாக்கிகளை வைத்திருந்தோர் பழைய உறுப்பை எறிந்து புதியது பூட்டியிருப்பின், இவ்வுண்மை என்றும் வெளிப்பட்டிராது.

இனி முதல் வினாவிற்கு விடை கூறலாம். லாங்பெல்லோ என்னும் கவிஞர் 1843இல் ஸ்பிரிங்பீல்டு சாலையில் அடுக்கியிருந்த துப்பாக்கிகளைக் கண்டு, போரை வெறுத்துச் சமாதானத்தை நாடிப் பாடினார். அச்சாலை 1968இல் மூடப்பட்டு, இன்று காட்சிச் சாலையாக விளங்குகிறது. கொல்லுதற்கெனச் செய்த கருவி இன்று சான்று கூறுதற்கு நிற்கிறது. அது பொய்ச்சான்று கூறாதவாறு காத்தலே அதனைத் தொகுப்போனது கடன்.