வலசைப் பறவைகளும் நிழற்படக் கலையும்

ஆவணி, புரட்டாசியில் தொடங்கிக் கார்த்திகை வரை பெய்யும் மழையால் சேலம், நாமக்கல் சமவெளியின் ஏரிகள் நீர் பெறுகின்றன. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் ஊடே ஓடி, நாமக்கல் பகுதியைக் கடந்து காவிரியில் கலக்கின்றது. அதன் நீரைப் பெறும் ஏரிகளும், கொல்லிமலை, போதமலை முதலியவற்றின் அடிவாரத்து ஓடைகளால் நிறையும் ஏரிகளும் இந்நிலத்தில் பல உள. 1997 ஆம் ஆண்டு வரை இவையனைத்தும் சேலம் மாவட்டம் என்னும் ஒரே பெயரின்கீழ் இருந்தன. அவ்வாண்டில் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. பறவைகளோ அவ்வெல்லையை இன்னும் அறியா.

மார்கழி பிறந்ததும் ஏரிநீர் மெல்ல மெல்ல உள்வாங்கும். நீர் விட்டுச்சென்ற விளிம்பில் ஈரச்சேறு பரந்து கிடக்கும். நமக்கு அது வெறுஞ்சேறு. ஆனால் புழுக்களும் பூச்சிகளின் இளம்பருவங்களும் நிறைந்த அச்சேறே பறவைகளுக்கு இலைபோட்டுப் பரிமாறிய விருந்தாகும். அவ்விருந்தை நாடி வடநாடுகளிலிருந்து வருவனவற்றையே வலசைப் பறவைகள் என்கிறோம். நடுநீரில் கூட்டமாகத் தங்கும் நீலச்சிறகி வாத்து, வால் நீண்டு கூர்த்த ஊசிவால் வாத்து, சேற்றில் ஓடியோடிக் கொத்தும் உள்ளான் வகைகள், வயலோரத்து மஞ்சள் வாலாட்டி, சோளக்கொல்லைகளில் மேகம்போல் இறங்கும் சூறைக்குருவி ஆகியன அவற்றுட் சில.

இவற்றுள் கொசு உள்ளான் என்பது மிகச் சிறியது. நாமக்கல் கோழிமுட்டைக்குப் பேர்போன ஊர் அன்றோ? தராசின் ஒரு தட்டில் ஒரு கோழிமுட்டையை வைத்து, மற்றொரு தட்டில் இரண்டு கொசு உள்ளான்களை வைத்தால், இரண்டும் ஏறத்தாழச் சமமாக நிற்கும். அரை முட்டையின் எடையே உடைய இச்சிற்றுயிர், வடமுனையை ஒட்டிய மரமற்ற குளிர்நிலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, அங்குப் பனி மூடுமுன் புறப்பட்டுப் பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து நம் நாட்டிற்கு வருகின்றது. வேனில் தொடங்கியதும் அவ்வழியே மீள்கின்றது. மீளும் பயணத்திற்கு வேண்டிய கொழுப்பை உடம்பிற் சேர்த்துக்கொள்ளும் இடங்களுள் நம் ஏரிகளும் உள்ளன. பனிக்காலத்தில் அது தின்னும் ஒவ்வொரு புழுவும் அப்பயணத்திற்கான கட்டுச்சோறு எனலாம். இதனை மனத்திற் கொண்டே இப்பறவைகளை நிழற்படம் எடுக்கும் கலையை நாம் பயிலவேண்டும்.

இந்நாளில் பனிக்காலந்தோறும், பழகிய ஒருவர் வழிகாட்ட, புதியவர்கள் காமிராவுடன் ஏரிக்குச் சென்று படமெடுக்கக் கற்றுக்கொள்வதுண்டு. அத்தகைய குழுவொன்று தை மாதத்து விடியலில் இராசிபுரத்துக்கு அருகிலுள்ள ஏரி ஒன்றிற்குச் செல்வதாகக் கொண்டு, நாமும் அதனைப் பின்தொடர்வோம்.

ஏரியின் மேற்கே உயர்ந்த கரையும், கரைமேல் வண்டிப்பாதையும் உள்ளன. குழுவிலுள்ள இளைஞர் சிலர் கரைமீது நின்றபடியே கருவியைக் கையில் எடுக்கின்றனர். அவர்களை அழைத்துவந்த ஆசிரியர், “இங்கு வேண்டா, இன்னும் சற்று நடப்போம்” என்று சொல்லி, வயல் வரப்பின் வழியாகச் சுற்றிக் கிழக்குப் பக்கத்துக்கு அவர்களை இட்டுச் செல்கின்றார். அதற்குக் காரணம் மூன்று. கதிரவன் கொல்லிமலைக்கு மேலாகக் கிழக்கே எழுவான். மேற்குக் கரையில் நிற்போர்க்கு ஒளி கண்ணிற் படும். பறவைகள் கரியால் தீட்டிய உருவங்கள் போலவே படத்தில் விழும். கிழக்கே நிற்போர்க்கோ ஒளி முதுகுப்புறமிருந்து வந்து பறவையின் மேல் விழும். இறகின் வரியும் கண்ணின் ஒளியும் துலங்கும்.

இரண்டாவது காரணம் காற்று. பனிக்காலத்தில் இங்கு வீசுவது வாடை. பறவைகள் எழும்பொழுதும் இறங்கும்பொழுதும் காற்றை எதிர்நோக்கியே சிறகடிப்பது வழக்கம். வாடையும் கதிரொளியும் ஏறக்குறைய ஒரே பக்கத்திலிருந்து வரும் தை மாதக் காலையில், அப்பக்கத்தில் அமர்ந்திருப்போரை நோக்கியே பறவைகள் வந்திறங்கும். முதுகைக் காட்டிப் பறக்கும் பறவையின் படத்தைவிட முகங்காட்டி வரும் பறவையின் படம் சிறந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? மூன்றாவது காரணம், கரைமேல் நிற்கும் மனிதன் வானத்தின் பின்னணியில் மரம்போல் உயர்ந்து தோன்றுவான் என்பது. அவ்வுருவம் பறவைக்கு அச்சந்தருவது.

ஆசிரியர் அனைவரையும் ஒரு கருவேல மரத்தடியில் அமரச் செய்கின்றார். வெள்ளை வேட்டியும் சட்டையும் ஊருக்குள் அழகு, ஏரிக்கு ஆகா. மண்ணின் நிறத்திலோ காய்ந்த புல்லின் நிறத்திலோ உடுத்தி வந்தவர்களே முன்னால் அமர்கின்றனர். கருவி பறவையின் கண்மட்டத்திற்குத் தாழ்ந்திருக்கவேண்டும் என்பதால், சிலர் ஈரத்தரையில் கோணியை விரித்துக் குப்புறப் படுக்கின்றனர். மேலிருந்து எடுத்த படத்தில் பறவையின் முதுகும் சேறுமே தெரியும். அதன் மட்டத்திலிருந்து எடுத்தால், அதன் உலகத்திற்குள் நாம் புகுந்தாற்போல் இருக்கும்.

கருவியைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். தொலைவிலுள்ள பறவையை அருகிற் காட்ட, 400 முதல் 600 மில்லிமீட்டர் வரை குவியத்தொலைவுள்ள நெடுவில்லைகள் பயன்படுகின்றன. பறக்கும் பறவையின் சிறகு அசைவின்றித் தெரியவேண்டுமாயின், கருவியின் திரை ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறந்து மூடவேண்டும். எப்பறவையாயினும் கண்ணே தெளிவாக விழவேண்டிய இடம். வெள்ளைக் கொக்கினை எடுக்கும்பொழுது ஒரு தொல்லை உண்டு. சுற்றியுள்ள இருண்ட நீரைக் கண்டு கருவி ஒளியை மிகுதியாக உட்கொள்ளும். கொக்கின் இறகுகள் வெளுத்த துணிபோல் ஒன்றாய்ப் போகும். ஆதலின் அங்கு ஒளியைச் சற்றுக் குறைத்தல் நன்று. மற்றவை பழகப் பழகத் தாமே கைவரும். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று வருந்துவோர் முதலிற் பொறுமையைப் பெறுவார்களாக.

ஞாயிறு மலைக்கு மேல் எழுகின்றது. கொசு உள்ளான்கள் நூறடித் தொலைவில் சேற்றை ஓயாது கொத்திக்கொண்டிருக்கின்றன. நடுநீரில் நீலச்சிறகிகள் கழுத்தை முதுகிற் புதைத்து உறங்குகின்றன. அவை பெரும்பாலும் இரவில் இரைதேடிப் பகலில் ஓய்வன. குழுவில் ஓர் இளைஞனுக்கு இத்தொலைவு போதவில்லை. எழுந்து, குனிந்தபடி, நேராகப் பறவைகளை நோக்கி விரைகின்றான். கரையோரத்து ஆள்காட்டிக் குருவி முதலிற் கத்துகின்றது. உள்ளான்கள் கொத்துவதை நிறுத்தித் தலைநிமிர்கின்றன. அடுத்த நொடியில் கூட்டம் முழுவதும் ஒருசேர எழுந்து ஏரியைச் சுற்றுகின்றது. நீலச்சிறகிகளும் நீரைவிட்டுக் கிளம்புகின்றன. இளைஞன் கருவியை ஓயாது இயக்குகின்றான். திரும்பி வந்து, “ஐயா, அறுபது படம் கிடைத்தது” என்கின்றான்.

ஆசிரியர் சினங்கொள்ளவில்லை. “தம்பி, அந்த அறுபதிலும் பறவையின் வால் இருக்கும், அதன் அச்சம் இருக்கும். அது உண்டதும் நடந்ததும் இருக்குமோ, பார்” என்கின்றார். பின்பு அவர் கேட்கும் கணக்கு எளியது. இன்று காலை இவ்வேரிக்கு நம்மைப்போல் நான்கு குழுவினர் வந்து, நால்வரும் இவ்வாறே செய்தால், இப்பறவைகள் தின்பதெப்பொழுது? எழும் ஒவ்வொரு முறையும் சேர்த்த கொழுப்பிற் சிறிது கரைகின்றது. தின்னும் நேரமும் போகின்றது. உறங்கும் வாத்தும் அவ்வாறே ஓய்விழக்கின்றது. ஒருநாள் இழப்பு சிறிது. பனிக்காலம் முழுதும் நாடோறும் இழந்தால், வேனிலில் மலைகளையும் பாலைகளையும் கடக்க வலிமை எங்கிருந்து வரும்?

பறவை தலைநிமிர்ந்தால் நாம் நிற்கவேண்டும். மீண்டும் அது குனிந்து கொத்தும்வரை அசையலாகாது. இரண்டாம் முறையும் நிமிர்ந்தால் பின்வாங்கவேண்டும். செல்லிடப்பேசியில் பறவையின் குரலை ஒலித்து அதனை ஏமாற்றி வரவழைத்தலும், கல்லெறிந்து பறக்கவிட்டுப் படமெடுத்தலும் ஆகா.

இளைஞன் தலைகுனிந்து மீண்டும் மரத்தடியில் அமர்கின்றான். அரைமணி நேரம் ஒருவரும் அசையவில்லை. அதற்குள் ஊரார் ஒருவர் தம் எருமைகளை ஓட்டிக்கொண்டு வருகின்றார். எருமைகள் சேற்றில் இறங்குகின்றன. அவற்றின் காலடியிலேயே கொக்குகள் நடக்கின்றன. எழுந்து சென்ற உள்ளான்களும் ஒவ்வொன்றாகத் திரும்பி அவற்றின் அருகே இறங்குகின்றன. எருமையிடமும் நாடோறும் காணும் மேய்ப்பரிடமும் பறவைகளுக்கு அத்துணை அச்சமில்லை. இதனை நன்குணர்ந்தவர் இங்கிலாந்து நாட்டுக் கெர்ட்டன் உடன்பிறந்தார். ரிச்சர்டு, செர்ரி என்னும் அவ்விருவரும் 1892 ஆம் ஆண்டிலேயே பறவைக்கூட்டினை முட்டைகளுடன் நிழற்படம் எடுத்தவர்கள். பின்னாளில் ஓர் எருதின் தோலைப் பதப்படுத்திப் பொய்யெருது ஒன்று செய்து, அதனுள் கருவியுடன் ஒளிந்திருந்து பறவைகளைப் படமெடுத்தனர்! நம்மவர்க்கு அவ்வளவு துன்பம் வேண்டுவதில்லை. பனையோலைத் தட்டி ஒன்றன்பின் அமைதியாக அமர்ந்தாலே போதும்.

நம் தமிழ்நாட்டிலும் இக்கலையில் ஒருவர் வழிகாட்டியாக விளங்கினார். அவர் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர், 1912 இல் பிறந்து 1996 இல் மறைந்தவர். கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் தம் இறுதிவரை, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல், இயற்கையைப் பற்றிய கட்டுரைகளை இடையறாது எழுதினார். தமிழிலும் எழுதினார். பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே பொருத்தி அமைத்த காமிராவைக் கொண்டு, கறுப்பு வெள்ளையிலேயே யானை முதலிய விலங்குகளையும் பறவைகளையும் படமெடுத்தார். அக்காலத்துப் படச்சுருள் ஒன்றில் எடுக்கக்கூடியவை சிலவே, மிகுதியாயின் 36. ஆதலின் எடுப்போர் ஒவ்வொன்றையும் எண்ணியெண்ணி எடுத்தனர். இன்றைய கருவி ஒரு நொடியில் பத்துப் படங்களுக்கு மேலும் எடுக்கின்றது. இவ்வளம் நமக்கு நன்மையே செய்தது என்று என்னால் உறுதியாகக் கூற இயலவில்லை.

நல்ல நிழற்படம் கண்ணுக்கு விருந்தாவதோடு சான்றாகவும் அமையும். பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் இட்டு, அவை செல்லுமிடத்தை ஆராயும் முறையை 1899 இல் டென்மார்க் நாட்டு ஆசிரியர் மோர்டென்சன் தொடங்கினார். இன்று வளையத்தோடு வண்ணக்கொடிகளும் கழுத்துப்பட்டைகளும் இடுகின்றனர். மங்கோலிய நாட்டில் பட்டை கட்டப்பெற்ற வரித்தலை வாத்துகள் தென்னிந்திய ஏரிகளில் காணப்பட்டுள்ளன. பட்டையிலுள்ள எழுத்தைத் தெளிவாகக் காட்டும் படம் ஒன்று கிடைத்தால், பறவையைப் பிடிக்காமலே அது எங்கிருந்து வந்ததென அறியலாம். இதனால் நாள், நேரம், ஏரியின் பெயர், பறவைகளின் தொகை ஆகியவற்றைப் படத்தோடு குறித்து வைத்தல் இன்றியமையாதது. 2015 ஆம் ஆண்டு தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், பொங்கல் விடுமுறை நாள்களில் யார் வேண்டுமாயினும் தம் ஊர்ப் பறவைகளை எண்ணி எழுதலாம். காமிரா இல்லாத மாணவரும் இதிற் பங்குகொள்ளலாம்.

படத்திற்குப் பறவை வேண்டும். பறவைக்கு ஏரி வேண்டும். சேலத்தைச் சார்ந்த கன்னங்குறிச்சியில் உள்ள மூக்கனேரி கழிவும் குப்பையும் சேர்ந்து சீர்கெட்டிருந்தது. 2010 ஆம் ஆண்டில் சேலம் மக்கள் குழுவினர் ஊராரின் துணையோடு அதனைத் தூர்வாரத் தொடங்கினர். எடுத்த மண்ணை வெளியே கொட்டாமல், ஏரிக்குள்ளேயே திட்டுகளாக்கி மரக்கன்றுகளை நட்டனர். நாயும் மனிதரும் எளிதில் அணுக இயலாத அத்திட்டுகளில் பறவைகள் வந்து தங்கின. கரையிலிருந்து படமெடுப்போர்க்கும் அதனால் ஒரு நன்மை உண்டாயிற்று. எவ்வளவு தொலைவில் நிற்கவேண்டும் என்பதை அங்கு நீரே வகுத்துவிடுகின்றது.

மீண்டும் நம் குழுவினரிடம் வருவோம். மணி ஒன்பதைத் தாண்டுகின்றது. வெயில் ஏற ஏறச் சேற்றிலிருந்து அனல் எழுந்து அலையாடத் தொடங்குகின்றது. அதனூடே எடுக்கும் படம் எவ்வளவு நல்ல கருவியாயினும் நீரில் நனைந்த ஓவியம்போல் கலங்கிவிடும். ஆசிரியர் கைகாட்டுகின்றார். அனைவரும் மெல்லப் பின்னோக்கி ஊர்ந்து, மரத்தின் மறைவில் எழுகின்றனர். அந்த இளைஞன் இரண்டாம் முறை எடுத்தவை ஏழு படங்களே. அவற்றுள் ஒன்றில், கொசு உள்ளான் ஒன்று அலகு நுனியில் ஒரு புழுவைக் கவ்வி நிற்கின்றது. அதன் கண்ணில் காலைக் கதிரவன் ஒரு புள்ளியாக மின்னுகின்றான். குழுவினர் வரப்பேறிச் செல்லும்பொழுது நடுநீரில் வந்தமர்ந்த நீலச்சிறகிகள் மறுபடியும் கழுத்தை முதுகிற் புதைத்து உறங்கிக்கொண்டிருக்கின்றன.