நீதி கேட்கும் சபை

திருச்சபை அரசியலில் ஈடுபடலாமா என்னும் வினா குருமாரிடையே அடிக்கடி எழுகின்றது. அரசிடம் நீதி கேட்கும் சபை முதலில் தன்னையே அந்நீதியின்முன் நிறுத்த வேண்டும் என்பதை ஒரு வழக்கின் வாயிலாக இங்கு எண்ணிப் பார்ப்போம்.

1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தினர் அல்லாதாரை அட்டவணைச் சாதியினராகக் கருதலாகாது என வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் கதவு திறக்கப்படவில்லை.

சூசை என்பவர் சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர், ஆதிதிராவிடக் கிறிஸ்தவர். அதே தொழில் செய்த இந்து ஆதிதிராவிடருக்கு அரசு இலவசமாக அளித்த சிறு கடை தமக்கு மறுக்கப்படவே, அவர் உச்சநீதிமன்றத்தை நாடினார். மதம் மாறியபின்னும் சாதி தொடர்கின்றது என்பது மட்டும் போதாது; அதனால் வரும் இழிநிலை கிறிஸ்தவ சமுதாயத்திலும் அதே கடுமையுடன் நீடிப்பதற்குச் சான்று வேண்டும் என்று கூறி, 1985இல் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது.

அச்சான்று எங்கே உள்ளது? நம் கல்லறைத் தோட்டங்களிலும், திருமணப் பேச்சுகளிலும், சபைத் தேர்தல்களிலும் அன்றோ உள்ளது! சபையில் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் 1833இலேயே கட்டளையிட்டார். ஆயினும் அது ஒழியவில்லை. இதை வெளிப்படையாகச் சொன்னால் நற்செய்திக்கு இழுக்கு நேருமென அஞ்சுகிறோம். மறைத்தாலோ, எளியோரின் உரிமைக்கு நாமே தடையாகின்றோம்.

சபை தூய்மையடையும்வரை உரிமைக் கோரிக்கை காத்திருக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்து ஊர் ஒருவனை நடத்துவதில்லை. அவன் பிறந்த தெருவைப் பார்த்தே நடத்துகின்றது. மூன்றாம் பத்தியை நீக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2022இல் இப்பொருளை ஆராய மற்றோர் ஆணையமும் அமைக்கப்பட்டது. இவற்றின்முன் சபை உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளது.

நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டாரிடமே தொடங்கும் என்று பேதுருவின் நிருபம் கற்பிக்கின்றது. எனவே பாவ அறிக்கை ஆராதனையோடு முடிவதன்று; பொதுவாழ்வில் நாம் கூறவேண்டிய சாட்சியும் அதுவே. கோரிக்கை மனுவில் ஒப்பமிடும் குருவானவர், தம் சபையின் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் நடுச்சுவரை இடிக்கவும் முன்வருவாராக.