முகம் படிக்கும் பிள்ளைகள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் வீடுகள் பலவற்றில் வீட்டுக்குள்ளேதான் குழித்தறி. நெசவாளர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு மிதிப்பார். தவழும் குழந்தை குழி ஓரத்துக்கு வந்துவிட்டால் என்ன செய்யும்? அம்மாவின் முகத்தைப் பார்க்கும்.

1985-இல் அமெரிக்க உளவியலாளர்கள் கேம்போஸ், எம்டி முதலியோர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சுமார் 30 செ.மீ. பள்ளம், அதன்மேல் கனமான கண்ணாடி. இந்தப் பக்கம் ஒரு வயதுக் குழந்தை; எதிர்ப்பக்கம் தாய். தாய் பேசக்கூடாது, முகத்தால் மட்டும் சொல்ல வேண்டும். சிரித்த முகத்தைக் கண்ட 19 குழந்தைகளில் 14 பேர் கண்ணாடியைக் கடந்தார்கள். பயந்த முகத்தைக் கண்ட 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. பேச்சு வருமுன்னே குழந்தைக்கு முகம் படிக்கத் தெரிந்துவிடுகிறது.

அந்த முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று புரியத்தான் வருடங்கள் ஆகும். பொம்மை உடைந்தால் அழுகை வரும் என்பது ஐந்து வயதுக்குள் தெரியும். உள்ளே வருத்தத்தை வைத்துக்கொண்டு வெளியே சிரிக்கலாம் என்பது ஏறக்குறைய ஏழு வயதில். நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்தெடுத்த நாளில் அப்பாவுக்குச் சந்தோஷமும், கூலி கடனுக்கே போய்விடுமே என்ற கவலையும் ஒன்றாக இருக்கும் என்பது பெரும்பாலும் ஒன்பது வயதை நெருங்கும்போதுதான் பிடிபடும்.

இந்தப் படிகளில் குழந்தையை ஏற்றிவிடுவது எது? பேச்சு. ஜூடி டன்னும் அவரது குழுவினரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதில் வீட்டில் உணர்ச்சிகளைப் பற்றி அதிகம் பேசிப் பழகிய குழந்தைகள், ஆறு வயதில் பிறர் மனத்தை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். கூடப்பிறந்தவர்களும் ஆசிரியர்களே. அண்ணன் தங்கை அதிகமுள்ள வீட்டுப் பிள்ளைகள், அடுத்தவர் தவறாக நினைத்திருப்பதைச் சீக்கிரம் ஊகிக்கிறார்கள் என்று 1994-இல் பெர்னரின் ஆய்வு காட்டியது. நெரிசலான வீடு இந்த வகையில் குறை இல்லை.

வறுமை பறிப்பது வேறொன்றை. நெசவுக்குக் கூலி சேலைக் கணக்கு. தறி நின்றால் வருமானமும் நிற்கும். “ஏன் அழுறே?” என்று கேட்க வேண்டிய இடத்தில் “அழாதே, போ” என்று முடிந்துவிடுகிறது. அது பாசக் குறைவல்ல, நேரக் குறைவு. அடி என்பது வேறு கதை. அடிபட்டு வளர்ந்த குழந்தைகள் மங்கலான முகப்படத்திலும் மற்றவர்களுக்கு முன்பே கோபத்தைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று செத் போலக்கின் 2002 ஆய்வுகள் சொல்கின்றன. அதைத் திறமை என்பதா, தற்காப்பு என்பதா?

நேரமில்லாத வீட்டுக்கு அங்கன்வாடி துணை நிற்க முடியும். வடை சுட்ட பாட்டி கதையை எல்லோரும் சொல்கிறோம். அதோடு நிறுத்தாமல், “வடை போனதும் காக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்? ஏன்?” என்றும் கேளுங்கள். தறியில் கையும் காலும் ஓடும்போது வாய் சும்மாதான் இருக்கிறது; அங்கேயும் கேட்கலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை.