நடையில் தெரியும் மூளை

மாலைப் பொழுதில் எங்கள் ஊர் ஒழுங்கையொன்றிற் சிறிது நேரம் நின்று பாருங்கள். வேலியோரமாகக் கோயிலுக்குச் செல்லும் முதியவர் ஒருவர் வருகின்றார். ஒரு கை வீசிவர, மற்றக் கை உடலோடு ஒட்டிக் கிடக்கிறது. ஓர் அடி நீண்டும் மறு அடி குறுகியும் விழுகின்றன. படலையை அணுகியதும் பாதங்கள் நிலத்தில் ஒட்டிக்கொண்டாற்போல நின்றுவிடுகின்றன. “வயது போனால் இப்படித்தான்” என்கின்றோம். இளையோர் சிலர் நகைப்பதும் உண்டு.

இத்தகைய நடையைக் கண்டு நகையாது நின்று நோக்கியவர், இலண்டன் வைத்தியராகிய ஜேம்ஸ் பார்க்கின்சன். நடுக்குவாதம் பற்றி 1817ஆம் ஆண்டில் அவர் எழுதிய சிறு நூலில் அறுவரைப் பற்றிய செய்தி உண்டு. அவர்களுள் மூவர் அவர் வீதியிற் கண்டவர்களே. அந்நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது.

நடத்தல் எளிய செயலன்று. தளர்நடையிடும் குழந்தை ஒவ்வோரடியையும் கருத்தூன்றி வைக்கின்றது. பழகியபின், மூளையின் ஆழத்திலுள்ள சில நரம்புத் திரள்கள் அப்பொறுப்பை ஏற்றுக்கொள்கின்றன. ஆதலால் நாம் கதைத்துக்கொண்டே நடக்கின்றோம். அத்திரள்கள் செவ்வனே இயங்க டோபமைன் என்னும் பொருள் வேண்டும். அதனைச் சுரக்கும் நடுமூளைக் கலங்கள் படிப்படியாக அழிவதே இந்நோய். அழிவு பெரும்பாலும் ஒரு பக்கத்தில் முந்துகின்றது. வலப்பக்க மூளை இடப்பக்க உடலை ஆள்வதால், வலப்புறத்துக் குறை இடக்கையின் வீச்சிலும் இடக்காலின் அடியிலும் வெளிப்படும். நடை சமனிழப்பது இதனாலேயே.

மூளையில் நொடிக்கு 13 முதல் 30 தடவை வரை எழும் மின்னலைகள் உள்ளன. உடல் அசையத் தொடங்கும்போது இவை தணிய வேண்டும். இந்நோயாளரிடத்தோ அவை மிகுந்து நிற்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர்.

பழக்கத்தால் நடந்த கால்களை இனி நினைவால் நடத்த வேண்டியுள்ளது. எனவே, நடக்கும்போது நாம் ஏதேனும் வினவினால் அவர் தடுமாறுகின்றார், நின்றும் விடுகின்றார். அது பிடிவாதமன்று. குறுகிய வாயில்களிற் கால் உறைவதும் இந்நோயின் இயல்பே. ஆயினும், நிலத்தில் குறுக்காகக் கோடுகள் இட்டால் அவற்றைத் தாண்டித் தாண்டி நடக்கச் சிலரால் முடிகின்றது. சீரான தாளத்தைக் கேட்டு அடிவைப்பதும் உதவுகின்றது. அகத்தே குன்றிய தாளத்தைப் புறத்தேயிருந்து நாம் வழங்கலாம்.

நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும் 1960களின் பிற்பகுதியிலிருந்து லெவோடோபா என்னும் மருந்து பலரை மீண்டும் நடமாட வைத்துள்ளது. சமனற்ற நடைக்கு முழங்கால் நோவு, பாரிசவாதம் முதலிய வேறு காரணங்களும் இருக்கலாம். காரணத்தைத் துணிந்து கூறவேண்டியவர் வைத்தியரே. அவரிடம் காலத்தோடு அழைத்துச் செல்வது நம் கடமை.

1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், உடலின் அமைப்பைத் தமிழர் தமிழிலேயே அறிய வேண்டுமென்று நூல்களைத் தமிழாக்கினார். கிறேயின் உடற்கூற்று நூல் 1872இல் தமிழில் வெளிவந்தது. மூளையைப் பற்றி அத்தனை காலத்துக்கு முன்பே தமிழிற் படித்த மண், தன் முதியோரின் தடுமாற்றத்தை “வயது” என்ற ஒரு சொல்லால் மூடிவிடலாமா?

நாளை அந்த முதியவர் படலையில் நின்றால், அவசரப்படுத்தாதீர்கள். அருகே நின்று, “ஒன்று, இரண்டு” என மெல்ல எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையைப் பற்றிக்கொண்டு அவர் கால் எழவுங்கூடும்.