கல்லிலே திருத்திய கணக்கு

அமெரிக்க நாட்டின் தென்கிழக்கிலே தென் கரோலினா என்றொரு மாநிலம். அதன் தலைநகர் கொலம்பியா. நகரின் நடுவே, நீலச் சாயல் படிந்த கருங்கல்லால் எழுந்து நிற்கிறது சட்டமன்ற மாளிகை. மேலே செம்புக் கவிகை. முகப்பிலே ஓங்கிய தூண்கள். சுற்றிலும் பசும்புல் வெளி. வெளியெங்கும் சிலைகள், நினைவுச் சின்னங்கள்! காண வருவோர் அண்ணாந்து பார்த்து "ஆகா!" என்கிறார்கள். ஆகா என்பது சரி, தோழர்களே! கல்லைப் பார்த்தால் மட்டும் போதுமா? கல் சொல்லும் கதையையும் கேட்க வேண்டாமா?

மாளிகைப் பணி 1851-லே துவங்கிற்று. கல்லை வெட்டியோர் யார்? சுமந்தோர் யார்? அடிமைகள்! மாட்டைப் போல விலை பேசப்பட்ட கருப்பின மக்கள்! சுவர் எழும்பிக் கொண்டிருந்த போதே, அடிமை முறைக்கு ஆபத்து என்று அலறி, 1860 டிசம்பர் 20-ஆம் நாள், ஒன்றியத்தை விட்டு முதன்முதலில் விலகிற்று இந்த மாநிலம். போர் மூண்டது. 1865 பிப்ரவரியில் தளபதி ஷெர்மனின் பீரங்கிக் குண்டுகள் மாளிகையின் மேற்குச் சுவரைத் தாக்கின. குண்டு பட்ட இடங்களிலே வெண்கல நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். சுவர் பட்ட காயத்துக்கு நட்சத்திரம்! அந்தச் சுவரை எழுப்பியவன் முதுகு பட்ட கசையடிக்கு?

போர் முடிந்தது, அடிமைத்தளை அறுந்தது. 1868-லே கீழ்ச்சபையில் கருப்பினத்தவரே பெரும்பான்மை! கல் சுமந்த இனம் சட்டம் இயற்றும் இனமாயிற்று. எல்லோருக்கும் பொதுப்பள்ளி என்று அந்த ஆண்டு அரசியல் சட்டம் எழுதிற்று.

ஆதிக்கம் பொறுக்குமா? 1876-லே ஹாம்பர்க் என்ற ஊரில் கருப்பினத்தவரைக் கொன்றது ஒரு வெள்ளையர் கும்பல். அதிலே தனக்குப் பங்குண்டு என்று பின்னாளில் பெருமை பேசியவர் பெஞ்சமின் டில்மன். அவர் கவர்னரானார்; செனட்டரானார். 1895-லே அவர் முன்னின்று நடத்திய மாநாடு, எழுத்தறிவு, சொத்து என்று நிபந்தனைகள் விதித்துக் கருப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்தது. அவருக்கு 1940-லே அதே வெளியில் சிலை! சாமானியரின் நண்பராம், கல்வெட்டு சொல்கிறது!

இன்னும் கொஞ்சம் நடந்தால் ஸ்ட்ராம் தர்மண்டின் சிலை. வெள்ளையரும் கருப்பரும் கலந்து வாழக் கூடாது என்று 1948-லே ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர். குடிசார் உரிமை மசோதாவை எதிர்த்து 1957-லே 24 மணி நேரத்துக்கும் மேலாக நின்றபடி பேசியவர். 1999-லே நிறுவிய அவரது சிலையின் பீடத்திலே, நான்கு பிள்ளைகளின் தந்தை என்று பொறித்தார்கள். 2003-லே அவர் மறைந்தார். அந்த ஆண்டின் இறுதியிலே உண்மை வெளிவந்தது. அவர் வீட்டில் வேலை செய்த கருப்பினப் பெண்ணுக்கு 1925-லே பிறந்த மகள் எஸ்ஸி மே, அவருடைய முதல் பிள்ளை! 2004-லே உளி எடுத்தார்கள். நான்கு என்பதை ஐந்து என்று மாற்றினார்கள். அவர் பெயரையும் சேர்த்தார்கள். திருத்திய வடு இன்றும் கல்லிலே தெரிகிறது. கலக்கக் கூடாது என்று மேடையில் முழங்கிய வாய்க்கு, பீடமே மறுப்புரை!

1961 மார்ச்சில், சம உரிமை கேட்டு இந்த வெளிக்கு நடந்து வந்த 187 பேரைக் கைது செய்தனர். 1963-லே உச்சநீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ஆனால் சட்டமன்றமோ 1962-லே, அடிமை முறைக்காகப் போரிட்டோர் கொடி கவிகை மீது பறக்கட்டும் என்று தீர்மானித்தது! 2000-லே அதை இறக்கி, வாசலிலே நட்டார்கள். 2015 ஜூனில், சார்ல்ஸ்டன் தேவாலயத்திலே ஒரு வெள்ளை வெறியன் ஒன்பது கருப்பினத்தவரைச் சுட்டுக் கொன்றான். அவர்களிலே ஒருவர் கிளெமென்டா பிங்க்னி, அந்த அவையின் உறுப்பினர். அவர் சடலம் மாளிகைக்குள் வந்தது. மற்றக் கொடிகள் அரைக்கம்பத்தில். அந்தக் கொடியோ முழுக்கம்பத்தில்! நாடு கொதித்தது. ஜூலை 10-ஆம் நாள் கொடி இறங்கிற்று.

இறக்கியது எது? கண்ணீர் மட்டுமா? சட்டமன்றத்திலே விழுந்த வாக்கு! அந்த வெளியில் ஒரு சின்னத்தை அகற்றவும் சட்டமன்றம் இசைய வேண்டும். 2001-லே கருப்பின மக்களின் வரலாற்றைச் சொல்லும் சின்னம் அங்கே எழுந்தது. ராபர்ட் ஸ்மால்ஸ், அடிமையாயிருந்தவர். 1862-லே எதிரியின் கப்பலையே கடத்தி விடுதலைக்கு விரைந்தவர். 1895-லே டில்மன் கூட்டத்தை எதிர்த்து வாதாடியவர். அவருக்குச் சிலை வைக்க 2024-லே சட்டம் பிறந்தது. டில்மன் சிலைக்கோ காத்திருப்பு 22 ஆண்டு. ஸ்மால்ஸ் சிலைக்குச் சட்டம் வரவே 109 ஆண்டு! இருவரும் மறைந்த ஆண்டுகளிலிருந்து எண்ணிப் பாருங்கள்: 1918, 1915!

சிலை வெளியே நிற்கிறது, தோழர்களே! அதை நிறுத்தும் கை உள்ளே இருக்கிறது. உள்ளே யார் என்பதைச் சொல்வது உங்கள் வாக்கு. அதனால்தான் ஆதிக்கக்காரன் முதலில் கை வைப்பது சிலையின் மீதல்ல. வாக்குச் சீட்டின் மீது!