பின்னணியில் இயங்குவது எது?

தாராவியின் 90 அடிச் சாலையில் நடந்து சென்றால், கடைக்குக் கடை கியூஆர் அட்டை தொங்குவதைக் காணலாம். கல்லாவின் அருகே ஒரு கைப்பேசி இருக்கும். பணம் வந்து சேர்ந்ததை அறிவிப்பதும் அதுவே. மாலையில் வீட்டுப் பிள்ளைகள் விளையாடுவதும் பெரும்பாலும் அதிலேயே. 'கைப்பேசி மந்தமாகிவிட்டது, நண்பகலுக்குள் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. பின்னணியில் ஓடும் சேவைகளையெல்லாம் நிறுத்திவிடலாமா?' என்று வாடிக்கையாளர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் ஒருசில சேவைகளை அவசியம் தேடிப் பார்க்க வேண்டும். அவற்றால் காலியாவது பேட்டரி மட்டுமன்று, சேமிப்புக் கணக்கும்தான்.

திரையில் தோன்றாமலே ஒரு செயலி தன் வேலையைத் தொடர்வதைப் பின்னணிச் சேவை என்கிறோம். இதனைக் கைப்பேசியே ஓரளவு கட்டுப்படுத்துகிறது. பயன்படுத்தாமல் கிடக்கும் நேரத்தில் செயலிகளை உறங்கவைக்கும் ஏற்பாடு 2015இல் வெளியான ஆண்ட்ராய்டு 6 முதல் உள்ளது. 2017இல் வந்த 8ஆம் பதிப்பு அதனை மேலும் இறுக்கியது. ஆகவே, அண்மையில் திறந்த செயலிகளை மணிக்கொரு முறை விரலால் தள்ளி அகற்றுவதால் பயன் குறைவு. மீண்டும் திறக்கும்போது அவை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருப்பதால் மின்சக்தி கூடுதலாகவும் செலவாகலாம். 'கிளீனர்', 'பூஸ்டர்' என்ற பெயர்களில் வரும் செயலிகளோ தாமே பின்னணியில் ஓடுபவை; அவற்றை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

செட்டிங்ஸில் 'பேட்டரி' பகுதியைத் திறந்தால் எச்செயலி எவ்வளவு செலவழித்தது என்பது தெரியும். விளையாட்டுச் செயலியோ காணொளிச் செயலியோ முன்னிலையில் இருந்தால், அதன் பின்னணிப் பயன்பாட்டைத் தயங்காமல் கட்டுப்படுத்தலாம். வங்கிச் செயலியையும் யுபிஐ செயலியையும் மட்டும் அவ்வாறு செய்யாதீர்கள். பணம் வந்த அறிவிப்பு தாமதமானால், எதிரில் நிற்பவர் காட்டும் போலி ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருளைக் கொடுத்துவிட நேரும்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். போக்குவரத்து அபராதச் சீட்டு என்றோ, 'கட்டணம் செலுத்தாததால் எரிவாயு இணைப்பு இன்றிரவே துண்டிக்கப்படும்' என்றோ வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வருகிறது. குழாய்வழி எரிவாயு பெறும் மாட்டுங்கா, செம்பூர் இல்லங்களில் தனித்து வாழும் முதியோர் இதனைக் கண்டு பதறுவது இயல்பே. கோப்பின் பெயர் 'ஏபிகே' என முடிந்தால் அது ரசீதன்று, ஒரு செயலி. நிறுவியபின் தன் சின்னத்தை மறைத்துக்கொண்டு பின்னணியில் ஓடக்கூடியது.

அதற்குப் பலம் தருபவை நாமே அளிக்கும் அனுமதிகள். பார்வைக் குறைபாடு உடையோருக்காகத் திரையைப் படித்துச் சொல்லவும், அவர்களுக்காகப் பொத்தானை அழுத்தவும் உருவானது 'அக்சஸிபிலிட்டி' என்னும் நல்ல வசதி. அதே ஆற்றல் தீயசெயலியின் கையில் சிக்கினால், நம் திரையை அது படிக்கும். நமக்குத் தெரியாமல் பொத்தானையும் அழுத்தும். குறுஞ்செய்தி அனுமதியும் அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதியும் ஓடிபியைப் பிறருக்கு அனுப்ப உதவும். 'டிவைஸ் அட்மின்' உரிமையைப் பெற்றுவிட்டால், அந்தச் செயலியை எளிதில் நீக்கவும் இயலாது.

செட்டிங்ஸின் மேலுள்ள தேடல் கட்டத்தில் இப்பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தால் அந்தந்தப் பட்டியல் வரும். நீங்கள் நிறுவியதாக நினைவில்லாத பெயர் எதிர்ப்பட்டால் ஐயுறுங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல், இயங்கும் சில செயலிகள் அறிவிப்புத் திரையின் அடியிலேயே நிறுத்தும் பொத்தானுடன் காட்டப்படுகின்றன. வெளியிலிருந்து நிறுவிய செயலிக்கு அக்சஸிபிலிட்டி அனுமதி அளிப்பதையும் அப்பதிப்பு தடுக்கிறது. அத்தடையை நீக்குமாறு தொலைபேசியில் ஒருவர் வழிகாட்டினால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் எல்லாச் சேவைகளின் பட்டியலும் உண்டு. எனினும் அது திறந்திருந்தால் சில வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கும். பார்த்து முடித்ததும் மூடிவிட வேண்டும்.

ஐயத்திற்குரிய செயலி தென்பட்டால் முதலில் விமானப் பயன்முறையை இயக்கி, வைஃபையையும் அணையுங்கள். அக்கைப்பேசியில் வங்கிச் செயலியைத் திறக்காதீர்கள். வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள்; பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய உதவி எண்ணிலும் உடனே புகார் செய்யுங்கள். செயலியை நீக்குவது அதன் பிறகே. நீங்க மறுத்தால் டிவைஸ் அட்மின் உரிமையை முதலில் அகற்றுங்கள். அதுவும் இயலாவிட்டால் கைப்பேசியைத் தொடக்க நிலைக்கு மீட்பதே வழி.

புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேரும் இழப்பு, அதை வங்கிக்குத் தெரிவிக்கும் கணம் வரை அவருடையது. தெரிவித்த பிறகு நேர்வது வங்கியுடையது.